குள்ளம்மாளின் பக்கத்தில் யார் உட்காருவது?

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை கடத்தூர் பஸ்ஸில் கிடைத்தது. பக்கத்து சீட்டுக்காரர், “எட்டும் வூட்லயேதான் பொறந்துச்சுங்க. ஒம்பதாவதுக்கு நாங்க பயப்படவே இல்லீங்க” என்றார். அப்புறம் என்ன ஆயிற்று என்று நான் கேட்பதற்குள் இறங்கிப் போய்விட்டார். பாவி மனுஷன்!

ஆகவே மீதியை நானே இட்டுக்கட்டுகிறேன். வருடம் 1968. பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் ஒரு கிராமம். (ஊர்ப் பெயர் சொல்ல மாட்டேன். சொன்னால் போய் விசாரிப்பீர்கள்.)

2

‘குள்ளம்மாள் தைரியசாலி.’ அடித்துவிட்டேன். ‘குள்ளம்மாள் தைரியசாலி என்று ஊர் சொன்னது.’ இது பரவாயில்லை.

அந்த ஊரில் ஒரு வழக்கம். யாருக்குப் பிரசவ வலி கண்டாலும், பெற்ற பிள்ளையெல்லாம் உயிரோடு தங்கிய ஒருத்தியைக் கூட்டிவந்து பக்கத்தில் உட்காரவைப்பார்கள். அவள் கையைப் பிடித்துக்கொண்டால் நல்லபடியாக ஆகும் என்று நம்பிக்கை. எட்டும் தங்கிய குள்ளம்மாளைத்தான் எல்லா வீட்டிலும் கூப்பிடுவார்கள். இப்போது அவளுக்கே ஒன்பதாவது. மாதமும் நெருங்கிவிட்டது. அவள் கையை யார் பிடிப்பது? அந்த யோசனை ஒருவருக்கும் வரவில்லை.

கவர்மெண்டு நர்சம்மா வந்து அவள் கண் இமையை இழுத்துப் பார்த்தாள். வெளுத்துக் கிடந்தது.

“எட்டுப் பெத்த கர்ப்பப்பை சோந்து போயிருக்கும்மா. புள்ள வந்தப்புறம் அது இறுகலைன்னா ரத்தம் நிக்காது. வலி வர்றதுக்கு முந்தியே அரூர் ஆஸ்பத்திரிக்கு வந்துடு.”*

குள்ளம்மாள் தன் புருஷன் மாதுவிடம் போனாள். “ஏனுங்க, இந்தவாட்டி எனக்குப் பயமா இருக்குதுங்க.”

மாது சிரித்தான். “ஊருக்கே தைரியம் சொல்றவ, நீ பயப்படலாமா புள்ள?”

(அந்தச் சிரிப்பை அடித்தடித்துப் பார்த்தேன், போக மாட்டேன் என்கிறது. அவன் கெட்டவன் இல்லை. அவள்மேல் உயிரையே வைத்திருக்கிறான். பார்த்துப் பார்த்துப் பழகியதால் அவனுக்குப் பயம் விட்டுப்போயிற்று.)

* கதை என் கற்பனை. நர்சம்மா சொன்ன வைத்தியம் கற்பனை இல்லை. நிறையப் பெற்ற உடம்புக்குப் பிரசவம் பழகிவிடாது, ஆபத்துதான் கூடும்.

3

முதல் முடிவு: அரூர் ஆஸ்பத்திரி. குழந்தை பிறந்ததும் ஊசி போடுகிறார்கள், வயிற்றை அழுத்தித் தேய்க்கிறார்கள், ரத்தம் நிற்கிறது. எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது. ஆனால் இதற்கு மாது “கெளம்பு” என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். கெஞ்சிப் பார்த்துவிட்டேன், அவன் சொல்லவில்லை.

இரண்டாம் முடிவு: நடுப்பகலில் வலி கண்டது. குழந்தை சுலபமாக வந்துவிட்டது. பெண். ஆனால் அழவில்லை. பக்கத்து வீட்டு ராமக்காளும் மற்ற பெண்களும் பதறிப்போய்க் குழந்தையைச் சூழ்ந்துகொண்டார்கள்.

“அக்கா, கீழ சூடா எறங்கிட்டே இருக்குது.”

“எறங்கறதுதானே. ஒனக்குத் தெரியாததா குள்ளம்மா?”

ராமக்காள் திரும்பாமல் குழந்தையின் பாதத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். குழந்தை வீறிட்டது. எல்லோரும் சந்தோஷத்தில் சிரித்தார்கள். அப்போது பாய்க்கு அடியில்

(இதை முடிக்க மாட்டேன்.)

4

அவள் சாகிறாள் என்று எழுத எனக்கு மனசு வரவில்லை. பிழைத்தாள் என்று எழுதினால் பொய் சொல்லுகிற மாதிரி இருக்கிறது. மாது வெளியே வண்டி மாட்டைப் பிடிக்க ஓடலாம், ஓடாமலும் போகலாம். அரூர் தொலைவு. இதற்குமேல் என்னால் ஆகாது, நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.

ஒன்றே ஒன்று. உள்ளே போனதும் எல்லோரையும்போல நீங்களும் குழந்தையிடம் ஓடிவிடாதீர்கள். அதற்கு ஆள் இருக்கிறது. அவளுக்குப் பக்கத்தில்தான் ஒருவரும் இல்லை. போய் உட்காருங்கள், கையைப் பிடியுங்கள், யாரையாவது கத்திக் கூப்பிடுங்கள்.

சீக்கிரம். “அக்கா” என்கிற குரல் இறங்கிக்கொண்டே போகிறது.