மினுமினுவுக்குப் புதுக் கண்

எனக்குக் கண்ணாடிக் கடை. கடைக்கு வருகிறவர்களிடம் நான் பேசுவதில் பாதிக்கு மேல் கிண்டல்தான். அதனால் நான் நிஜமாக ஏதாவது சொன்னால்கூட, எதிரே இருப்பவர் சிரிப்பதற்குத் தோதாக வாயை வைத்துக்கொள்வார். "ஐயா, உங்களுக்குக் கண்ணுல புரை விழுந்திருக்கு" என்று ஒரு பெரியவரிடம் சொன்னேன். அவர் என் முதுகில் ஒரு தட்டு தட்டி, "உனக்கு எப்பவும் விளையாட்டுதான்யா" என்று சிரித்துக்கொண்டே படியில் தடுமாறி இறங்கினார்.

என் தங்கை மகள் ரெண்டாம் வகுப்பு படிக்கிறாள். வீட்டில் அவளுக்கு வாலு என்று பெயர். காரணம் சொல்லத் தேவையில்லை. அவளுடைய இடது கண்ணில் கட்டி வந்தது. விட்டால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர்கள் அந்தக் கண்ணையே எடுத்துவிட்டார்கள். பிள்ளை தப்பித்தாள். புண்ணும் ஆறிவிட்டது. செயற்கைக் கண் பொருத்த, நான் சொல்லப்போகும் நாளுக்கு மறுநாள் வரச் சொல்லியிருந்தார்கள்.

அவள் பயந்திருந்தால் சமாளித்திருப்போம். அவளோ ஆசையாகக் காத்திருந்தாள். ஆஸ்பத்திரியில் அவள் அழுத ஒருநாள், "புதுக் கண்ணு வந்தா எல்லாம் சரியாயிடும்டி" என்று தங்கை சொல்லிவிட்டாள். அழுகிற பிள்ளையிடம் பெற்றவள் வேறு என்னதான் சொல்வாள்? வாலு அதை உடும்புப்பிடியாகப் பிடித்துக்கொண்டாள். புதுக் கண் வந்ததும் சைக்கிள் ஓட்டலாம், பந்தைக் கோட்டை விடாமல் பிடிக்கலாம், இடது பக்கம் கதவில் இடித்துக்கொள்ள வேண்டாம். அந்தக் கண் பார்க்காது என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை.

"நாளைக்கு அந்த டாக்டரே சொல்லிக்கட்டும்ணா. நீ வாயைத் திறக்காதே" என்றாள் தங்கை. எனக்கும் அது வசதியாகத்தான் இருந்தது.

மினுமினு என்பது வாலுவின் பொம்மை. சுருட்டை முடி, உப்பிய கன்னம். படுக்க வைத்தால் கண்ணை மூடும், நிமிர்த்தினால் திறக்கும். தங்கை சிறுமியாக இருந்தபோதே அது பழைய காலத்துப் பொம்மை. இப்போது அதைச் சேகரிக்கிறவர்கள் பெட்டியைக்கூடப் பிரிக்காமல் அலமாரியில் பூட்டி வைக்கிறார்கள். எங்கள் மினுமினு அந்தக் கொடுப்பினை இல்லாதவள். தங்கையிடம் குளித்து, வாலுவிடம் முடிவெட்டிக்கொண்டு, கன்னத்தில் பேனா மையோடு வாழ்ந்தவள். வாலு ஆஸ்பத்திரியிலிருந்து வந்த வாரத்தில் ஹேர்பின்னால் அவளுடைய இடது கண்ணை நோண்டி எடுத்துக் குப்பையில் போட்டுவிட்டாள். ஏன்டி என்று கேட்டதற்கு, "இவ மட்டும் என்ன ஒசத்தியா?" என்றாள்.

மினுமினு பொம்மைகளைச் செய்த கம்பெனி, ஊரில் மினுமினு மாளிகை என்று ஒரு காட்சிக்கூடம் வைத்திருந்தது; அங்கே போகும் யோசனை என்னுடையது. அங்கே பொம்மைகளுக்கு என்றே ஓர் ஆஸ்பத்திரி உண்டு. காலையிலேயே போன் போட்டு அங்கிருந்த டாக்டரம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். "பிள்ளைக்கும் நாளைக்குக் கண் வைக்கப்போறாங்க. பயமில்லாம போகணும். பார்த்து, உற்சாகமா நாலு வார்த்தை சொல்லுங்க." பெரிய காரியம் சாதித்துவிட்ட நினைப்பில் அன்று ஒரு டீ கூடுதலாகக் குடித்தேன்.

மாளிகையின் வாசலே பொம்மைப் பெட்டி மாதிரி இருந்தது. முன்பக்கம் மினுங்கும் தாளைக் கிழிக்கிற மாதிரி விலக்கிக்கொண்டு உள்ளே போக வேண்டும். மாடிப்படியின் கைப்பிடி ரோஸ் நிறச் சீப்பு. ஆள் உயரச் செருப்பு ஒன்றின் உள்ளே மெத்தை போட்டிருந்தார்கள். நான் உட்கார்ந்து பார்த்தேன், எழுந்திருக்கத் தங்கை கைகொடுக்க வேண்டியிருந்தது.

"இந்தப் பொம்மை எவ்வளவு பெரிசா இருந்தா இந்தச் செருப்பு..." என்று ஆரம்பித்தேன்.

வாசலில் நின்ற காவலாளி உதட்டில் விரல் வைத்தார். "சார், இங்க அந்த வார்த்தை சொல்லக்கூடாது. பாப்பான்னு சொல்லுங்க. இங்க எல்லாரும் பாப்பாங்கதான்."

"நானுமா?"

"செருப்புல மாட்டிக்கிட்டதைப் பார்த்தா அப்படித்தான் தெரியுது சார்."

வாலு கெக்கெக்கே என்று சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நாளாகியிருந்தது. தங்கை என் சட்டைக் கையைப் பிடித்து ஒருமுறை அழுத்தினாள்.

ஒரு கூடம் முழுக்கப் பிரிக்காத பெட்டிகள். பெரிய மனிதர்கள் சிலர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, மூச்சுக்கூடப் படாத தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருவர் எங்கள் மினுமினுவைப் பார்த்து முகம் சுளித்தார். அடுத்து அவர் பார்வை வாலுவின் கண்மேல் ஒட்டியிருந்த வெள்ளைத் துணிக்குப் போனது. சட்டென்று திரும்பிக்கொண்டு, எங்களுக்குத் தேவைக்கு மேலேயே வழிவிட்டார். வாலு கடந்து போகும்போது மினுமினுவின் முகத்தைத் தன் தோளில் சாய்த்து மறைத்துக்கொண்டாள்.

ஆஸ்பத்திரி மாடியில் இருந்தது. சின்னச் சின்னக் கட்டில்கள், கை இழந்தவர்கள், முடி இழந்தவர்கள். எல்லோர் மேலும் கழுத்து வரை போர்வை. போனில் பேசிய டாக்டரம்மா இளம்பெண். வெள்ளைக் கோட்டுப் பையில் ஸ்டெதஸ்கோப். மினுமினுவைப் படுக்கவைத்து நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தார். மினுமினு தனக்கிருந்த ஒரே கண்ணை மூடிக்கொண்டாள்.

"ரொம்ப தைரியசாலி. கண்ணுதான் வேணும், இல்லையா?" அகலமான ஒரு டிராயரை இழுத்தார். உள்ளே கறுப்பு, பழுப்பு, நீலம் என்று தடுப்புத் தடுப்பாகக் கண்கள். எல்லாம் மேலே பார்த்துக்கொண்டிருந்தன. தொழிலில் கண்ணோடேயே கிடக்கிற நானே ஓரடி பின்னால் நகர்ந்தேன்.

வாலு எட்டிப் பார்த்துப் பழுப்பில் ஒன்றைக் காட்டினாள். "இதை வச்சா இவ பார்ப்பாளா?"

"ஜோரா பார்ப்பா!" என்றார் டாக்டரம்மா. நான் கேட்டுக்கொண்ட உற்சாகத்தை முழுசாகக் கொட்டினார். "உனக்கும் நாளைக்குப் புதுக் கண்ணு வருதாமே? அப்புறம் என்ன, ரெண்டு பேரும் சேர்ந்து உலகத்தையே பாருங்க!"

"பார்த்தியாம்மா?" என்று வாலு அம்மாவிடம் திரும்பினாள். தங்கை தரையைப் பார்த்தாள்.

என் கடையில் பிள்ளைகளுக்குப் புதுக் கண்ணாடி மாட்டிவிட்டால் எல்லாப் பிள்ளைகளும் ஒன்றையே செய்யும். ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடிக்கொண்டு மற்றதால் பார்க்கும். நாளைக்கு வாலுவும் செய்வாள். வலது கண்ணைப் பொத்திக்கொள்வாள், எல்லாம் இருட்டாகிவிடும். அந்த இருட்டில் அவளை முன்பின் தெரியாத ஒரு டாக்டரின் நாற்காலியில் உட்கார வைக்கத்தான் நாங்கள் இத்தனை ஏற்பாடும் செய்திருக்கிறோம்.

"வாலு, அந்தக் கண்ணு பார்க்காது" என்றேன்.

அவள் சிரித்தாள். "போங்க மாமா."

"நிஜமா. உனக்கு நாளைக்கு வைக்கறதும் பார்க்காது."

"அம்மா, மாமாவைப் பாரேன். கிண்டல் பண்றாங்க."

"கிண்டல் இல்லடி."

"கிண்டல் இல்லன்னு சொல்றதும் உங்க கிண்டல்தான்."

அண்ணா, வேண்டாம் என்று தங்கை முணுமுணுத்தாள். டாக்டரம்மாவின் முகம் வெளுத்துப் போயிருந்தது. எனக்கு அந்த நேரம் ஒரு சீரியஸான முகம் தேவைப்பட்டது. இத்தனை வருஷத்தில் அப்படி ஒன்றை நான் தயாராக வைத்துக்கொள்ளவில்லை.

டிராயரிலிருந்து அந்தப் பழுப்புக் கண்ணை எடுத்து வாலுவின் கையில் கவிழ்த்து வைத்தேன். "பின்னாடி பாரு. என்ன இருக்கு?"

திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ஒண்ணுமில்ல. குழியா இருக்கு."

"நிஜக் கண்ணுக்குப் பின்னாடி ஒரு நரம்பு இருக்கும். கண்ணு பார்க்கறதை அதுதான் மூளைக்குக் கொண்டுபோகும். உன்னோடதை எடுத்தப்ப அதையும் வெட்டவேண்டியதாப் போச்சு. திரும்ப ஒட்டவைக்க யாராலயும் முடியாது. நாளைக்கு வைக்கறதும் இந்த மாதிரிதான். இன்னும் அழகா இருக்கும். ஆனா பின்னாடி ஒண்ணுமிருக்காது."

அவள் சிரிப்பு மெல்ல மெல்ல நின்றது. அம்மாவை நிமிர்ந்து பார்த்தாள். தங்கை கட்டில் பக்கம் மண்டியிட்டு, "ஆமாடி கண்ணு. அம்மாதான் சொல்லல" என்றாள்.

வாலு அழவில்லை. கையிலிருந்த கண்ணை உள்ளங்கைக்குள் பொத்திக்கொண்டாள். பக்கத்துக் கட்டிலில் கையில்லாத ஒருத்தியின் போர்வையை டாக்டரம்மா எதற்கோ சரிசெய்துகொண்டிருந்தார்.

"சைக்கிள்?" என்றாள் வாலு.

"ஒரு கண்ணால ஓட்டலாம். தலையை அதிகமாத் திருப்பணும், அவ்வளவுதான். நான் கூட ஓடி வரேன்."

"உங்களால ஓட முடியாது."

"முடியாதுதான்."

"பார்க்காதுன்னா அப்புறம் எதுக்கு அது?"

மற்றவர்கள் பார்ப்பதற்கு என்று சொல்ல வாயெடுத்தேன். அதுவும் உண்மைதான். ஆனால் அந்தக் கூடத்தில் திரும்பிக்கொண்ட மனிதரை நினைத்து, அதை அவருக்காகச் சொல்ல மனம் வரவில்லை.

"நீ வளருவே இல்ல? உன் முகமும் வளரும். அந்த இடம் காலியா இருந்தா அந்தப் பக்கம் மட்டும் வளராம சுருங்கிடும். உள்ள ஒண்ணு இருந்தாத்தான் அதுவும் கூடவே வளரும். நீ பெரிசாக ஆக ஆக, கண்ணையும் பெரிசா மாத்திக்கிட்டே இருப்பாங்க."

"எவ்வளவு பெரிசாகிற வரைக்கும்?"

"அம்மா அளவுக்கு."

வாலு அம்மாவைத் தலை முதல் கால் வரை அளந்து பார்த்தாள். பிறகு கட்டிலில் கிடந்த மினுமினுவைப் பார்த்தாள். கையைத் திறந்து அந்தக் கண்ணை டிராயரில் பழுப்பு நிறத் தடுப்பிலேயே திரும்ப வைத்தாள்.

"அப்ப இவளுக்கு வேணாம் டாக்டர். இவ வளரமாட்டா. எனக்குத்தான் வேணும்."

டாக்டரம்மா டிராயரை மூடினார். "சரிங்க. வேற ஏதாவது செய்யணுமா... பாப்பாவுக்கு?"

வாலு யோசித்தாள்.

"முடி சிக்கா இருக்கு. சீவி விடுங்க, போதும்."