கூடாரத்துக்கு அளவு எடுத்தோம்

தீவுக்குப் போகலாம் என்று முதலில் கிளப்பியவள் கேள்விப்பெட்டிதான். என் கணவரின் மகள், பதினோரு வயது. வாயைத் திறந்தால் கேள்வி என்பதால் அப்பா வைத்த பெயர். அவளுடைய அம்மா இறந்துபோய் ஐந்து வருடம் கழித்து, இரண்டு வருடத்துக்கு முன்பு, நான் இந்த வீட்டுக்கு வந்தேன். வீட்டின் முன்னறைதான் எங்கள் தையல் கடை. அவர் ஆண்கள் துணி தைப்பார், நான் பெண்கள் துணி.

பள்ளி நூலகத்தில் ஏதோ புத்தகத்தில் பார்த்தாளாம். வெயில் காயும் கடலில் சிதறிக் கிடக்கும் குட்டித் தீவுகள். ஓட்டல் கிடையாது, கரண்ட் கிடையாது. படகில் கொண்டுபோய் விடுவார்கள், மூன்றாம் நாள் வந்து கூட்டிப்போவார்கள். இடையில் இரண்டு ராத்திரி கூடாரத்தில். அவருக்கும் ஆசை தொற்றிக்கொண்டது. அன்றிலிருந்து வீட்டில் வேறு பேச்சே இல்லை. தென்னை மரத்தடியில் படுத்தால் தேங்காய் தலையில் விழாதா? நண்டு எப்போது தூங்கும்? குடிக்கிற தண்ணீர் எத்தனை கேன் வேண்டும்? படகுக்காரருக்கு நாலு தடவை போன் போட்டாள். ஐந்தாவது தடவை அந்த மனிதர், வந்து நேரிலேயே பார்த்துக்கொள்ளம்மா என்று கெஞ்சிவிட்டார்.

எனக்கு இருந்தது ஒரே கேள்வி. போகப்போவது இரண்டு பேரா, மூன்று பேரா?

வராதே என்று யாரும் சொல்லவில்லை. அவர் என்னையும் சேர்த்துத்தான் பேசினார். ஆனால் ஆசைப்பட்டவள் அவள். அவள் ஒரு வார்த்தை வா என்று சொல்லவில்லை. சொல்வதற்கு என்னை அவள் எந்த முறை வைத்தும் கூப்பிடுவதே இல்லை. ஏதாவது வேண்டுமென்றால் என் மெஷினுக்கு முன்னால் வந்து நின்று தொண்டையைச் செருமுவாள். நானாகக் கேட்கவும் ரோஷம் விடவில்லை. எனக்கு ரோஷம் கொஞ்சம் ஜாஸ்தி, அதை ஒத்துக்கொள்கிறேன்.

கடையில் விற்கிற கூடாரத்தை வாங்க அவருக்கு மனசு வரவில்லை. இரண்டு மெஷின் ஓடுகிற வீட்டில் ரெடிமேடா என்றார். மழைக்கோட்டுத் துணி ஒரு பேல் கிடந்தது. ஒரு சாயங்காலம் டேப்பை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு எங்கள் இருவரையும் சுவரோரம் நிற்கவைத்து, தானும் நின்றுகொண்டார். அவர் அளவைச் சொல்லச் சொல்ல, கேள்விப்பெட்டி அளவு நோட்டில் எழுதினாள். உயரம், தோள், உயரம், தோள். மூன்று தோளையும் கூட்டினார், நாற்பத்தேழு அங்குலம். லூஸுக்கு மூன்று சேர்த்து, அகலம் ஐம்பது என்று முடித்தார்.

"தூங்கும்போது அளவு மாறாதாப்பா?" என்று கேட்டாள்.

அவர் காதில் வாங்கவில்லை. இருபது வருஷமாக அளவு எடுக்கிற கை என்றார். நானும் தலையாட்டினேன். எனக்கும் அது சரியான அளவாகத்தான் பட்டது. தவிர என் கண் நோட்டின் மேல் இருந்தது. அவர் அளவுக்கு மேலே 'அப்பா' என்று இருந்தது. அவளுடையதற்கு மேலே 'நான்'. என்னுடையதற்கு மேலே 'அவங்க'. வாடிக்கையாளர்களுக்குக்கூட எங்கள் நோட்டில் பட்டப்பெயராவது உண்டு.

அதற்கப்புறம் பள்ளி லீவு முழுக்க அவள் ஒரு சின்ன நோட்டும் கையுமாகத் திரிந்தாள். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு நாங்கள் கடைக் கதவைச் சாத்திக் கொஞ்சம் கண்ணயர்வோம். விழிக்கும்போதெல்லாம் அவள் எதையோ எழுதிக்கொண்டிருப்பாள். நான் அசைந்தால் நோட்டு மூடிக்கொள்ளும். என்னதான் எழுதுகிறாள்? இரண்டு வாரம் மண்டை குடைந்தது. ஒருநாள் நோட்டைக் கட்டிங் டேபிளில் விட்டுவிட்டுக் குளிக்கப் போனாள். கை அரித்தது. தொடவில்லை. தொட்டிருந்தால் என் முகத்திலேயே எழுதி ஒட்டியிருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கூடாரம் தயாரானது. கட்டிங் டேபிளை ஓரம் தள்ளி, கடைக்குள்ளேயே கட்டினோம். தையல் என்றால் தையல், ஒரு சுருக்கம் இல்லை. அவர் மாப்பிள்ளை மாதிரி அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். பிறகு மூவரும் உள்ளே போய்ப் படுத்தோம். அவள் ஒரு ஓரம், அவர் நடுவில், நான் ஒரு ஓரம். நிற்கிற மாதிரி விறைப்பாகப் படுத்திருந்த வரைக்கும் சரியாக இருந்தது. அவர் மூச்சை இழுத்துவிட்டு முழங்கையை மடக்கினார். நான் துணிக்கு அடியில் பாதி வெளியே போனேன். கூடார ஜன்னலுக்குப் போட்டிருந்த பித்தான் காஜா இரண்டு பிய்ந்தது.

நின்றபடி அளவெடுத்த ஆட்களை அப்படியே சாய்த்துப் படுக்கவைத்திருக்கிறோம். சட்டை தைக்கிறவர்களுக்குத்தான் இந்தப் புத்தி வரும். அவர் அசடு வழிந்தார். எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை.

"ரெண்டு பேருக்குச் சரியா இருக்கு. நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க, நான் கடையப் பாத்துக்கறேன்" என்றேன். சொல்லிவிட்டு என் மெஷினில் போய் உட்கார்ந்து, கோத்திருந்த நூலையே உருவி மறுபடி கோத்தேன்.

கொஞ்ச நேரத்தில் முன்னால் தொண்டையைச் செருமும் சத்தம் கேட்டது. அவள் அந்தச் சின்ன நோட்டை விரித்து மெஷின் மேல் வைத்தாள். பக்கம் பக்கமாகத் தேதி. அப்பா மல்லாந்து, குறட்டை உண்டு. தன்னைப் பற்றித் தெரியாது, யாரையாவது பார்க்கச் சொல்ல வேண்டும் என்று ஒரு குறிப்பு. மீதி எல்லாம் நான். வலது பக்கம் ஒருக்களித்து. கை நீட்டி. மறுபடி கை நீட்டி. பதினான்கு நாளும் கை நீட்டி.

"எல்லாரும் ஒரே மாதிரி தூங்கறதில்ல. அப்பாகிட்ட அன்னைக்கே கேட்டேன்" என்றாள். "நீங்க கைய நீட்டித்தான் தூங்குவீங்க. ஓரத்துல படுத்தா கை வெளிய போயிடும், நண்டு ஏறும். அதனால நீங்கதான் நடுவுல."

"அப்ப உங்கப்பா?"

"அவர் ஓரத்துல கிடக்கட்டும். குறட்டைக்கு நண்டு வராது."

அவர் கூடாரத்தின் நடுத்தையலைப் பிரிக்க உட்கார்ந்தார். ஒரு பட்டி சேர்க்கத் துணி மிச்சம் இருந்தது. என்னைத் தரையில் ஒருக்களித்துப் படுக்கச் சொன்னாள். அப்பாவின் கழுத்திலிருந்து டேப்பை உருவிக்கொண்டு வந்து, நீட்டிய கையின் விரல் நுனியிலிருந்து முதுகுவரை பிடித்தாள். பிறகு அளவு நோட்டை எடுத்தாள். 'அவங்க' என்பதை அடித்துவிட்டு மேலே 'சித்தி' என்று எழுதினாள். எழுதியதை வாயால் சொல்லவில்லை. பக்கத்தில் நாற்பத்திரண்டு என்று போட்டாள்.

டேப்பைத் தொய்வாகப் பிடித்திருந்தாள். என் அளவு நாற்பதுக்கு மேல் இருக்காது. தொழில் தெரிந்தவள், ஒரு நூல் தப்பினாலும் விடாதவள். அன்றைக்கு நான் வாயைத் திறக்கவில்லை.