குழாய் இறங்கும்வரை

அறுவை அரங்கின் வாசலில் நோயாளியின் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டார். "டாக்டரம்மா, இன்னையோட அவரு குரல் போயிடும். எங்கிட்ட பேசியே பல நாளாச்சு. ஒரு வார்த்தை பேசச் சொல்லுங்களேன்."

காரணம் எனக்குத் தெரியும். கணவர் சந்தையில் ஏலம் விடுகிறவர். பள்ளிக்கூடம் பக்கமே போகாதவர், எழுதத் தெரியாது, வாயே மூலதனம். தொண்டையில் புற்றுநோய், குரல்வளையையே எடுத்தாக வேண்டும். குரல் போனபிறகு உயிர் எதற்கு என்று அடம்பிடித்தவரை அழுது, பட்டினி கிடந்து சம்மதிக்க வைத்தது இந்த அம்மாதான். அன்றிலிருந்து கணவர் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டார். இந்த வயதில் இப்படியொரு வீம்பு. அவரைத் தள்ளி வந்த சக்கர நாற்காலியை நிறுத்தி, "அம்மா நிக்கிறாங்க, ஏதாவது சொல்லுங்க" என்றேன். மனுஷர் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மயக்க மருந்து கொடுப்பது என் வேலை. கட்டி மூச்சுவழியை முக்கால்வாசி அடைத்திருந்தது. மயக்கினால் தசை தளர்ந்து மிச்ச வழியும் மூடிக்கொள்ளும். அதனால் விழித்திருக்கும்போதே, உட்காரவைத்து, தொண்டையை மரத்துப்போகச் செய்து, மூக்கு வழியாகக் கேமராவோடு குழாயை இறக்க வேண்டும். பேசச் சொல்லிக்கொண்டே இருப்பேன். பேச்சு சட்டென நின்றால் குழாய் மூச்சுக்குழலுக்குள் போய்விட்டது என்று பொருள். அந்த மௌனத்தைக் கேட்டு எத்தனையோ முறை நிம்மதியாகப் பெருமூச்சு விட்டிருக்கிறேன்.

உள்ளே வந்ததும் அவருக்கு வாய் ஓயவில்லை. கரகரத்த குரலில் வெங்காய மூட்டையை ஏலம் விட்டார். "என்னம்மா, மூக்குல சாக்கடை அடைப்பா எடுக்குறீங்க?" என்றார். நர்ஸ் சிரித்துவிட்டார். திரையில் கட்டி தெரிந்தது, அதன் ஓரமாக ஒரு கீற்று இடைவெளியும்.

"பேசிட்டே இருங்க."

அவர் கண் கலங்கியிருந்தது. பிறகு, "அவள உள்ள கூப்பிடும்மா. அவகிட்ட ஒண்ணு சொல்ல..." என்றவர் மூச்சை இழுத்தார். இடைவெளி விரிந்தது. பழகிய கை குழாயைத் தள்ளிவிட்டது. பேச்சு நின்றது.

உருவிவிடலாமா என்று நினைத்தேன். உருவினால் கட்டியில் ரத்தம் கசியும், மறுபடி வழி கிடைக்காமலே போகலாம். அவர் உதடு இன்னும் அசைந்துகொண்டிருந்தது. என்ன சொல்கிறார் என்று புரியவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மயக்க மருந்தை ஏற்றினேன்.

வெளியே வந்து அந்த அம்மாவிடம், "உங்களத்தான் கூப்பிட்டாரும்மா. ஏதோ சொல்லணும்னாரு" என்றேன்.

"என்னவாம்?"

"அதுக்குள்ள குழாய் இறங்கிடுச்சு."

அந்த அம்மா திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "உங்களுக்கு நல்ல மனசும்மா" என்று என் கன்னத்தைத் தொட்டார். "ஆனா எனக்காகப் பொய்யெல்லாம் சொல்ல வேணாம்."

"சத்தியமாம்மா..." என்றேன். அதற்குள் பெஞ்சில் போய் உட்கார்ந்து, கணவர் கழற்றிக் கொடுத்த சட்டையை மடியில் விரித்து, கசங்கிய காலரை விரலால் நீவிக்கொண்டிருந்தார்.