கெடாத மண்ணுக்கு இடமில்லை

ஏழாண்டுகளாக மேய்ச்சல் நிலத்தை எட்டுப் பகுதிகளாகத் தடுத்து, மாடுகளை முறைவைத்து மாற்றி, புல்லுக்கு ஓய்வளித்து, மண்ணுக்கு வளம் தரும் கரிச்சத்தை, அதாவது கார்பனை, சேர்த்தவள் அக்காள். பக்கத்துப் பொதுநிலத்தையும் அவ்வாறே தேற்றக் குத்தகை கேட்டாள். அதுவோ, தன் நிலத்தை மொட்டையாக மேயவிட்ட தம்பிக்குப் போயிற்று.

"உங்க மண்ணுல கரிச்சத்து ஏற்கெனவே நிறைய இருக்கும்மா. இனிமே யாரு நிலத்துல அதிகமா ஏறுமோ, அவங்களுக்குத்தான் குத்தகை," என்றார் மண்வள அதிகாரி.

"கெடுத்தவனுக்குப் பரிசா சார்?"

தம்பி இளித்தான். "வயித்தெரிச்சல் படாதக்கா!"

"வேணும்னா நீங்களும் ஒரு வருஷம் மொட்டையா மேயவிட்டுட்டு வந்து கேளுங்க," என்றார் அதிகாரி.

தன் நிலத்திலிருந்து கொண்டுவந்த கருமுகில் நிற மண்கட்டியை, வேர்கள் தொங்க, அவர் மேசைமேல் வைத்தாள் அக்காள். அருகே ஒரு வெள்ளைத்தாளை நகர்த்தினாள்.

"இப்ப சொன்னதை அப்படியே எழுதிக் கையெழுத்துப் போடுங்க."

அதிகாரி பேனாவைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார். அக்காள் நாற்காலியை இழுத்துப்போட்டு அமர்ந்தாள்.