ஓரத்துச் சிவப்புப் புள்ளிகள்

மத்தியானம் வான் ஆய்வகக் கூட்டத்தில் பேச வேண்டும். காலையிலேயே எனக்குத் தலை சுற்ற ஆரம்பித்துவிட்டது.

நான் ஆராய்ந்துவந்த சுருள் விண்மீன் மண்டலத்தின் ஓரத்தில், யாரும் எதிர்பார்க்காத தூரத்தில், சிவப்புப் புள்ளிகள் தெரிந்திருந்தன. கார்பன் நட்சத்திரங்களாக இருக்கலாம். கரி படிந்து சிவந்துபோன நடுவயதுக்காரர்கள். அவை அங்கே இருந்தால், அந்த ஓரத்திலும் ஒரு காலத்தில் நட்சத்திரங்கள் பிறந்திருக்கின்றன என்று அர்த்தம். நிரூபித்தால் என் வேலை நீடிக்கும். இல்லாவிட்டால் இந்த வருடத்தோடு மூட்டை கட்ட வேண்டியதுதான்.

ஆனால் வெகுதொலைவில் இருக்கும் வேறு மண்டலங்களும், எந்தப் பக்கம் பார்த்தாலும், இதே சிவப்பில் தெரிந்து ஏமாற்றும். அதனால் எதுவுமில்லாத வெற்று வானத்தையும் ஒரு படம் எடுத்து, அதில் எத்தனை புள்ளிகளோ அத்தனையைக் கழித்துவிடுவோம். கழித்தேன். ஒன்றுமே மிஞ்சவில்லை. மறுபடி கழித்துப் பார்த்துவிட்டுக் கணினி மேல் எரிந்து விழுந்தேன்.

தொலைநோக்கியை இயக்குபவர் என் வீட்டுக்காரர். ஏதோ மின்விசிறியைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"ஏங்க, வெத்து வானம்னு எங்க எடுத்தீங்க?"

"மண்டலத்துக்குப் பக்கத்துலதான்."

"தள்ளிப் போய் எடுக்கணும்னு எழுதிக் குடுத்தேனே."

ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தார். "அவ்வளவு தூரம் திருப்பினா நேரம் போகுது. அந்த நேரத்துக்கு உன் மண்டலத்தயே இன்னும் கொஞ்சம் பாக்கட்டும்னு நெனச்சேன். உனக்காகத்தான்."

திட்டத்தான் வாயைத் திறந்தேன், அதற்குள் வேறொரு சந்தேகம் வந்துவிட்டது. அவர் எடுத்தது நிஜமாகவே வெற்று வானமா, இல்லை மண்டலம் அதுவரை நீண்டு கிடந்து, அதன் நட்சத்திரங்களையே நான் கழித்துவிட்டேனா? நீண்டிருந்தால் நான் நினைத்ததைவிடப் பெரிய விஷயம். இல்லையென்றால் என் கையில் ஒன்றுமில்லை. எது என்று அந்தப் படம் சொல்லாது.

கூட்டத்தில் எல்லாவற்றையும் சொன்னேன், படம் எடுத்தவர் யார் என்பதைத் தவிர.

"அப்ப ஓரத்துல நட்சத்திரம் பொறந்துச்சா, இல்லயா?" என்று ஆய்வக இயக்குநர் கேட்டார்.

"தெரியல சார்."

"சரி, தள்ளிப் போய் இன்னொரு படம் எடுங்க. அடுத்த வருஷம் நேரம் ஒதுக்கலாம்."

"அடுத்த வருஷம் நான் இங்க இருக்க மாட்டேன் சார்."

பின்வரிசையிலிருந்து என் வீட்டுக்காரர் எழுந்தார்.

"படத்த நான் எடுத்து அனுப்பிடறேன் சார்," என்றார், சிக்கலை அவிழ்த்துவிட்ட நிம்மதியோடு.

எல்லோரும் தலையாட்டினார்கள். நான் மட்டும் ஊரை விட்டுப் போவதாகவே முடிவு செய்துவிட்டாரா, எங்கே அனுப்புவார் என்று நான் அவரையே பார்த்துக்கொண்டு நின்றேன்.