பதினாறு பல்

மதியம் பன்னிரண்டு மணிக்குள் சுவரில் வளர்வதன் பெயரை எழுத்தில் கொடுத்தால் அது தப்பும். இல்லையென்றால் அழுத்தத் தண்ணீர் அடித்துச் சுரண்டிவிடுவார்கள். நீரேற்று நிலையத்துப் பொறியாளர் இதற்கு மேல் இறங்கிவரவில்லை. அவரையும் குறை சொல்ல முடியாது, ஏற்கெனவே இரண்டு முறை எனக்காகத் தள்ளிவைத்தவர்.

அந்த நிலையத்துச் சுவரின் வடக்குப் பக்கம் இரண்டு கை அகலத்துக்கு மாஸ், பச்சைக் கம்பளம் விரித்ததுபோன்ற குட்டிச் செடி, வளர்ந்திருக்கிறது. இந்த வட்டாரத்தில் அழிந்தே போனதாக எழுதிவைத்த இனம் அதுதான் என்று எனக்கு ஒரு சந்தேகம். கல்லூரி ஆய்வுக்கூட உதவியாளரின் சந்தேகத்துக்கு யார் மரியாதை கொடுப்பார்கள்? ஆதாரம் வேண்டும்.

ஆதாரம் என் வீட்டுக் குளியலறை ஜன்னலில் இருந்தது. சுவரில் அது ஒருநாளும் காய்த்ததில்லை. ஒரு துணுக்கை எடுத்துவந்து, கண்ணாடி மூடி போட்ட தட்டில், செங்கல் துண்டின் மேல் ஏழு மாதம் வளர்த்தேன். ஊற்றியதுகூட மழைத் தண்ணீர்தான். போன வாரம் ஊசிமுனை அளவில் மூன்று வித்துக் குடுவைகள் தலைகாட்டின. ஒவ்வொன்றின் உச்சியிலும் ஒரு மூடி. மூடியைத் திறந்து, வாயைச் சுற்றிப் பதினாறு பல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால் அது எங்கும் கிடைக்கிற சாதாரண இனம். பல்லே இல்லையென்றால் நான் நினைத்ததுதான்.

காலையில் ஆய்வுக்கூடத்திலிருந்து வீட்டுக்காரருக்கு போன் செய்தேன்.

"என்னங்க, அந்தத் தட்டைப் பத்திரமா எடுத்துட்டு வாங்க. வர்றதுக்கு முன்னாடி அந்தப் பாசியை மட்டும் தொடச்சிடுங்க. பொறியாளர் பாக்கப்போறார்."

கண்ணாடி மூடியின் உள்பக்கம் வழவழவென்று படிந்திருந்ததைத்தான் சொன்னேன். எல்லாம் வீண் ஜம்பம்.

பத்தே முக்காலுக்கு வந்தார். கண்ணாடி பளபளத்தது. தட்டு பளபளத்தது. செங்கல், அன்றுதான் சூளையிலிருந்து வந்ததுபோல் செக்கச்செவேலென்று இருந்தது.

"மாஸ் எங்கங்க?"

"அது இன்னும் முளைக்கவே இல்லையே. மேல பாசி அந்த அளவுக்கு மூடிக்கிடந்தா எப்படி முளைக்கும்? பழைய பல்லு பிரஷ்ஷை வச்சு அழுத்தித் தேச்சு எடுத்துட்டேன்" என்றார், பாராட்டை எதிர்பார்த்து.

அடக் கடவுளே! வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை உடைத்துவிட்டு மனிதர் சிரித்துக்கொண்டு நிற்கிறார்.

"அந்தப் பச்சைதாங்க மாஸ்! ஏழு மாசமா நான் என்ன செங்கல்லுக்கா தண்ணி ஊத்திட்டு இருந்தேன்?"

அவர் முகம் செத்துப்போனது. ஆய்வுக்கூடத்தில் மாஸ் வேறு, பாசி வேறு. வீட்டில் பச்சையாக வழுக்குவதெல்லாம் பாசி. நாற்பது வருடம் நானும் அப்படித்தானே பேசினேன்? ஆனால் அந்த நிமிடம் நியாயம் பேசுகிற நிலையில் நான் இல்லை. வண்டியின் பின்னால் உட்கார்ந்து வீடு வரை அவர் காதில் ரத்தம் வராத குறையாகத் திட்டினேன். "கண்ணு என்ன புடரியிலயா இருக்கு?" என்றேன்.

குளியலறையில் மண்டியிட்டு, சாக்கடை வலையைக் கழற்றி, தலைமுடிக்கும் சோப்பு நுரைக்கும் நடுவே இடுக்கியால் துழாவினேன். நார் நாராகப் பச்சை கிடைத்தது, குடுவை கிடைக்கவில்லை. அவர் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். கடைசியில் பிரஷ்ஷின் நார்களுக்குள் ஒன்று சிக்கியிருந்தது. ஒன்றே ஒன்று.

ஆய்வுக்கூடத்துக்குத் திரும்பியபோது பதினொன்று நாற்பத்தைந்து. பொறியாளர் என் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நான் நின்றபடியே நுண்ணோக்கியில் குனிந்தேன்.

பல் இல்லை. வாய் வழுவழுவென்று வட்டமாக இருந்தது. நான் சொன்னது சரி! பேனாவைக் கையில் எடுத்தேவிட்டேன்.

அப்புறம்தான் உறைத்தது. குடுவையின் மூடியும் இல்லை. மூடி தேய்த்ததில் போயிருக்கிறது. மூடியே போனபோது பல் மட்டும் நிற்குமா? இது பிறக்கும்போதே பல் இல்லாததா, பிரஷ் பட்டு உதிர்ந்ததா? மறுபடி பார்த்தேன். விளிம்பு ஒரு பக்கம் நசுங்கியிருந்தது. லென்ஸை மாற்றிப் பார்த்தேன். எத்தனை முறை பார்த்தாலும் அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை அது.

"மேடம், அதுவா இல்லையா?" என்றார் பொறியாளர். "அதுதான்னு ஒரு வரி எழுதுங்க, போதும். நான் கேள்வி கேக்கப்போறதில்ல."

சத்தியமாக ஆசையாக இருந்தது. எழுதினால் யார் கண்டுபிடிப்பார்கள்? அதுவாகவே இருக்கவும் கூடும்.

"தெரியலை சார்" என்றேன்.

அவர் போனை எடுத்து, "ஆரம்பிச்சுடுங்கப்பா" என்றார். மறுமுனையில் மோட்டார் கிளம்புகிற சத்தம் எனக்கே கேட்டது.

வெளியே வீட்டுக்காரர் வண்டி மேல் உட்கார்ந்திருந்தார். எழுந்து ஓடி வந்தார்.

"என்னாச்சு? அதுதானா?"

"தெரியலைங்க. மூடி இருந்திருந்தா தெரிஞ்சிருக்கும்."

"நான் தேய்க்காம இருந்திருந்தா மூடி இருந்திருக்கும், இல்ல?"

வழியெல்லாம் அத்தனை திட்டினேனே, அதில் ஒரு சொல்கூட இப்போது வரவில்லை. இல்லை என்று சொல்லவும் வாய் வரவில்லை.

"ஆமாங்க" என்றேன்.

அவர் தலையாட்டினார். சாவியைப் போட்டார், ஆனால் வண்டியைக் கிளப்பவில்லை. நானும் கிளப்பச் சொல்லவில்லை.