நடந்து வந்த பையன்

அந்தப் பையன் தன் காலால் நடந்தே உள்ளே வந்தான். பயிற்சிக் கூடத்துப் பாயில் உட்கார்ந்து மகள் ஆர்த்திகாவின் முழங்காலை மடக்கி நீட்டிக்கொண்டிருந்த செல்லக்கிளி கையை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். அந்தக் கூடத்துக்கு யார் பிள்ளையும் நடந்து வருவதில்லை. இடுப்பில் வரும், தோளில் வரும், கொஞ்சம் வளர்ந்த பிள்ளை என்றால் அப்பன் இரண்டு கையிலும் ஏந்தி மூச்சு வாங்கக் கொண்டுவந்து போடுவான். இவனோ வாசலில் செருப்பைக் கழற்றி, இரண்டையும் சேர்த்து ஓரமாக வைத்துவிட்டு வந்தான். பத்து வயசு இருக்கும். நெற்றியில் திருமண் கோடு. பின்னாலேயே அவன் அம்மா, நல்ல வெங்காயச் சருகுச் சேலையில், இடம் தவறி வந்துவிட்டவள் போல நின்றாள்.

நடக்கிற பிள்ளைக்கு இங்கே என்ன சோலி என்றுதான் செல்லக்கிளிக்குத் தோன்றியது.

பயிற்சி கொடுக்கிற ராமமூர்த்தி சார் அவனை ஸ்டூலில் உட்காரவைத்து, மர வளையங்களைக் கொடுத்துக் கம்பியில் மாட்டச் சொன்னார். ஒன்றை மாட்டினான். இரண்டாவதை எடுத்தபோது யாரோ பின்னந்தலையில் தட்டியது போல அவன் தலை சட்டென்று தொங்கி நிமிர்ந்தது. கை தூக்கிப்போட்டு, வளையம் பறந்து போய்ச் சுவரில் அடித்தது. பையன் வெட்கப்பட்டுச் சிரித்தான். அம்மாவைப் பார்த்தான். அவள், "பரவால்ல, வேற எடு" என்று தமிழில் சொல்லிவிட்டு, தங்கள் வீட்டுப் பாஷையில் மெதுவாக இன்னும் ஏதோ சொன்னாள்.

திருநகரைத் தாண்டி ஒரு டிரஸ்ட் நடத்திவந்த ஆஸ்பத்திரி அது. மூளையில் கோளாறு உள்ள பிள்ளைகளுக்கென்று பின்கட்டில் தனியாக ஒரு பிரிவு. பயிற்சிக் கூடம், அதையொட்டி அம்மாமார் உட்கார்ந்து சோறு தின்ன, அழ, கொஞ்சம் கண்ணசர ஓர் அறை. செல்லக்கிளி டி. கல்லுப்பட்டிக்குத் தெற்கே ஒரு காலனியிலிருந்து பஸ் ஏறி வருவாள். ஆர்த்திகா பிறந்ததும் அழவில்லை. நீலம் பாரித்துக் கிடந்தவளைத் தட்டித் தட்டி அழவைப்பதற்குள் மூளைக்குக் காற்று போகாமல் நின்றுபோனது என்று பிறகு சொன்னார்கள். எட்டு வயசாகியும் கழுத்து நிற்கவில்லை. காலிரண்டும் கத்திரிக்கோல் மாதிரி பின்னிக்கொள்ளும். ஆனால் சிரிப்பாள். பஸ் ஹாரன் அடித்தால் சிரிப்பாள், செல்லக்கிளி தும்மினால் சிரிப்பாள். அந்தச் சிரிப்பை நம்பித்தான் செல்லக்கிளி பருத்திக்காட்டு வேலையை விட்டுவிட்டு வாரம் தவறாமல் அவளைத் தூக்கிக்கொண்டு அலைந்தாள்.

பையன் பெயர் கார்த்திகேஷ், அம்மா வித்யாஸ்ரீ. முனிச்சாலைப் பக்கம் வீடு, அப்பா வெங்கடேஷ்பாபுவுக்குச் சேலைக் கடையில் வேலை. இதெல்லாம் அம்மாமார் அறையில் ஒவ்வொன்றாகத் தெரியவந்தது. முதல் நாளே வித்யாஸ்ரீ ஒரு வார்த்தை சொல்லிவிட்டாள்.

"இவன் இப்படி இல்லீங்க. போன வருசம் வரைக்கும் கிளாஸ்ல ரெண்டாவது ரேங்க். சைக்கிள் ஓட்டுவான். திடீர்னு கையில இருக்கறதெல்லாம் கீழ போட ஆரம்பிச்சான். சரியாயிடும்னு சொல்றாங்க."

அவள் தப்பாக ஒன்றும் சொல்லவில்லை. ஆனாலும் அந்த அறையில் இருந்த அத்தனை பேரும் சாப்பாட்டில் வைத்த கையை எடுத்துவிட்டார்கள். 'உங்க பிள்ளைக மாதிரி இல்ல' என்றுதான் அது அவர்கள் காதில் விழுந்தது. செல்லக்கிளிக்கு அன்றைக்குப் பிடித்த எரிச்சல் பிறகு அணையவே இல்லை. தன் மகள் ஒரு நாள், ஒரே ஒரு நாள், இந்த வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டால் போதும் என்று கும்பிடுகிறவள் அவள். அதை ஒருத்தி தினமும் வெறுமனே பெற்றுக்கொண்டு முகத்தைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருக்கிறாளே என்று இருந்தது.

ஆஸ்பத்திரியில் சில நாற்காலிகள் உண்டு. முதுகுக்கு இரண்டு பக்கமும் பலகை அடித்து, இடுப்புக்கு வார் வைத்து, முன்னால் சாப்பாட்டுத் தட்டு வைக்கப் பலகை போட்டது. தானாக உட்கார முடியாத பிள்ளையை அதில் இருத்தினால் சாயாமல் இருக்கும், சோறு புரையேறாது. வீட்டுக்குக் கொடுத்தனுப்புவார்கள். தேவை முடிந்ததும் திருப்பித் தந்துவிட வேண்டும். வாரை இறுக்கினால் ஆர்த்திகாவின் அளவுக்குப் பொருந்துகிற நாற்காலி ஒன்று அந்த மாசி மாதம் திரும்பி வந்தது. அதை வைத்திருந்த பிள்ளைக்கு ஏன் இனிமேல் வேண்டாம் என்று அறையில் யாரும் கேட்கவில்லை.

பிள்ளைகளின் குடும்பங்களைக் கவனித்துக்கொள்கிற இந்துப்ரியா மேடம் சின்ன வயசுக்காரி. எல்லாரிடமும் நிதானமாகப் பேசுகிறவள், அன்றைக்குத் தடுமாறினாள்.

"செல்லக்கிளி, இந்த நாற்காலி கார்த்திகேஷுக்குப் போகட்டும். ஒங்களுக்கு அடுத்து வாரதத் தர்றேன்."

செல்லக்கிளி வாசல் பக்கம் கையை நீட்டினாள். "எந்தக் கார்த்திகேசு? அந்தா நடந்து போறானே, அவனா? நடக்குற புள்ளைக்கு நாற்காலி எதுக்கு மேடம்? வசதியுள்ளவுக கேட்டா உடனே குடுத்துருவீகளோ?"

"அவங்க கேக்கல. நாங்கதான்…"

செல்லக்கிளி காத்திருக்கவில்லை. நேரே வித்யாஸ்ரீயிடம் போய் நின்றாள். "ஏங்க, ஒங்க புள்ள நாலு எட்டு நடக்குதுல்ல? எம்மக எட்டு வருசமா தரையில கெடக்கா. அவளுக்கு வந்ததத்தான் நீங்க புடுங்கணுமா?"

வித்யாஸ்ரீ எழுந்தேவிட்டாள். முகம் வெளுத்துப்போயிருந்தது. இந்துப்ரியாவைப் பார்த்துச் சொன்னாள். "எங்களுக்கு அந்தச் சேர் வேணாம் மேடம். யாரு கேட்டா? எங்க பையனுக்கு அது எதுக்கு? அவன் சரியாயிடுவான். இவங்களுக்கே குடுங்க."

இந்துப்ரியா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். வித்யாஸ்ரீ பார்த்த பார்வையில் மூடிக்கொண்டாள். நாற்காலி அன்றைக்கே பஸ் கூரையில் ஏறி கல்லுப்பட்டிக்குப் போனது. ஜெயித்துவிட்டோம் என்ற நினைப்பில் செல்லக்கிளி வழியெல்லாம் மகளின் உச்சந்தலையை முகர்ந்துகொண்டே போனாள்.

நாற்காலி வந்த வீடு வேறு வீடாகிவிட்டது. அதுவரை ஆர்த்திகாவுக்குத் தெரிந்ததெல்லாம் ஓட்டுக்கூரையின் அடிப்பக்கமும் குனிகிற முகங்களும்தான். இப்போது வாசலில் வைத்தால் தெரு தெரிந்தது. கோழி போனது, தண்ணீர்க்குடம் போனது, பள்ளிக்கூடப் பிள்ளைகள் போனார்கள். எல்லாவற்றுக்கும் சிரித்தாள். ஊட்டும்போது இருமல் குறைந்தது. நெஞ்சுச் சளி குறைந்தது. செங்கல் காளவாசலுக்குப் போய்வருகிற அவள் புருஷன் கண்ணுச்சாமி, பிள்ளை விஷயத்தில் எப்போதும் ஒதுங்கியே இருந்த ஆள். பிள்ளையைப் பார்க்கவேண்டி வந்தால் தலைக்கு மேலே சுவரைப் பார்ப்பான். நாற்காலி வந்த பிறகு ஒரு சாயங்காலம், தன் தட்டைத் தூக்கிக்கொண்டு அதன் எதிரே வந்து தரையில் உட்கார்ந்தான். "ஏத்தா, என்னையத்தான் பாக்குறா" என்றான் செல்லக்கிளியிடம். சோறு தின்று முடிக்கிறவரை அவன் இடத்தைவிட்டு எழுந்திருக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் வித்யாஸ்ரீயும் அவளும் அதற்கப்புறம் பேசிக்கொள்ளவில்லை. ஆனால் செல்லக்கிளியின் கண் பையனை விட்டு அகலவில்லை. பங்குனியில் அவன் அம்மா கையைப் பிடித்து நடந்து வந்தான். சித்திரையில் நெற்றியில் கட்டு. விழுந்துவிட்டானாம். அதற்குப் பிறகு செருப்பைக் கழற்றுவதற்கு வித்யாஸ்ரீ குனிய வேண்டியிருந்தது. அவன் பேச்சு ஒவ்வொரு வார்த்தையாக உதிர்ந்துகொண்டிருந்தது. ராமமூர்த்தி சார் தமிழில் கேட்டால் மலங்க மலங்க விழித்தான். அம்மா வீட்டுப் பாஷையில் கேட்டால் மட்டும் ஒரு வார்த்தை வரும். பிறகு அதுவும் இல்லை. ஆனி மாதம் அவன் அப்பா அவனை இரண்டு கையிலும் ஏந்தி மூச்சு வாங்கக் கொண்டுவந்து பாயில் போட்டார். செல்லக்கிளி மகளின் காலைப் பிடித்தபடி தலையைக் குனிந்துகொண்டாள். இப்போது அவனும் தங்கள் பிள்ளைகள் மாதிரிதான்.

அதற்குப் பிறகு அவர்கள் வரவில்லை. மூன்று நான்கு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டுச் செல்லக்கிளி இந்துப்ரியாவிடம் கேட்டாள்.

"இனிமே அவனத் தூக்கிட்டு வர முடியாது செல்லக்கிளி. நான்தான் வீட்டுக்குப் போய்ப் பாத்துட்டு வாரேன்."

"என்னதான் மேடம் அவனுக்கு?"

"கேக்குறவங்ககிட்டச் சொல்லிருங்கன்னு அவங்களே சொல்லிட்டாங்க. கைக்குழந்தையில அவனுக்கு மணல்வாரி அம்மை போட்டுருக்கு. அந்தக் கிருமி மூளைக்குள்ள இத்தன வருசம் தங்கியிருந்து இப்ப கிளம்பியிருக்கு. எங்கயோ ஒரு புள்ளைக்கு இப்படி ஆகும். மருந்து கெடையாது."

"அப்ப அந்த நாற்காலி…"

"சீக்கிரமே நடை போயிரும்னு டாக்டர் சொல்லிட்டாரு. உக்கார முடியிற வரைக்கும் உக்கார்ந்து சாப்பிடட்டுமேன்னுதான்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல மேடம்?"

"அப்ப அவங்களே காதுல வாங்காத விசயத்த ஒங்ககிட்ட நான் எப்படிச் சொல்லுவேன்?"

அன்றைக்கு வீட்டுக்கு வந்து அதைச் சொன்னபோது கண்ணுச்சாமி நாற்காலியையும் அதில் இருந்த மகளையும் மாறி மாறிப் பார்த்தான். "இத அங்க குடுத்தா நம்ம புள்ள திரும்பத் தரையிலதான கெடக்கணும்?"

"ஆமா."

"அப்பறம் எதுக்கு?"

செல்லக்கிளி நாற்காலியின் வாரை அவிழ்த்து மகளைத் தூக்கினாள். மறுநாள் காலை அவனே வேலைக்குப் போகாமல் நின்று, நாற்காலியைத் துணியால் துடைத்து, பஸ்ஸில் ஏற்றிவிட்டான். பிள்ளையைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னான். அப்படி அவன் சொன்னது அதுதான் முதல் தடவை.

பஸ் திருமங்கலம் தாண்டி, திருப்பரங்குன்றம் மலை தெரிகிற வரைக்கும் செல்லக்கிளி ஒரே ஒரு வேண்டுதலைத்தான் மனசுக்குள் சொல்லிக்கொண்டு வந்தாள். முருகா, அவுக வேணாம்னு சொல்லிறணும். கொடுக்கத்தான் போகிறாள், நிஜமாகவே கொடுக்கத்தான் போகிறாள். ஆனால் வேண்டாம் என்றுவிட வேண்டும்.

இந்துப்ரியா சொன்ன அடையாளம் வைத்து வீட்டைக் கண்டுபிடித்து, நாற்காலியை இறக்கிவைத்துவிட்டு வாசலிலேயே நின்றாள். அந்த மாதிரித் தெருவில் அந்த மாதிரி வீட்டுக்குள் அவள் நுழைந்ததில்லை. வித்யாஸ்ரீ வந்து எட்டிப் பார்த்தாள். ஆளைப் பார்த்தாள், நாற்காலியைப் பார்த்தாள். "உள்ள வாங்க" என்றாள். செல்லக்கிளி தயங்க, கையைப் பிடித்து அழைத்துப்போனாள்.

பையன் கட்டிலில் கிடந்தான். முதுகு வில்லாக வளைந்து விறைத்திருந்தது. கால் விரல்கள் கீழ்நோக்கி நீண்டு நின்றன. கண் திறந்திருந்தது, எதையும் பார்க்கவில்லை. கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை உடம்பு ஒரு தூக்குத் தூக்கிப் போட்டது. வெங்கடேஷ்பாபு தலைமாட்டில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தார்.

"இந்த ஒடம்ப அதுல மடக்க முடியாது" என்றாள் வித்யாஸ்ரீ. குரலில் கோபம் இல்லை. "நீங்களே கொண்டுபோங்க. ஒங்க பொண்ணு உக்காரட்டும்."

கேட்டது கிடைத்துவிட்டது. செல்லக்கிளி கட்டிலருகே போனாள்.

"நான் அன்னைக்கிப் பேசுனது…"

"நானும்தான வேணாம்னேன்." வித்யாஸ்ரீ மேற்கொண்டு அதைக் கேட்க விரும்பாதவள் போல ஒரு கிண்ணத்தை எடுத்தாள். கரைத்த கஞ்சி. "எது குடுத்தாலும் இருமுறான். நெஞ்சுல எறங்கி ரெண்டு தடவ காய்ச்சல் வந்துருச்சு. மூக்குல குழாய் வைக்கலாம்னு மேடம் சொல்றாங்க. எனக்கு மனசு வரல. ஒங்க பொண்ணுக்கு எப்படிக் குடுப்பீங்க?"

செல்லக்கிளி கட்டிலில் ஏறி உட்கார்ந்தாள். ஆஸ்பத்திரியில் அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தபடி பையனை நிமிர்த்தித் தன் மார்போடு சாய்த்து, தலை பின்னால் போகாமல் முழங்கையால் அணைத்து, தாடைக்குக் கீழே விரலைக் கொடுத்து வாயை மூட உதவினாள். கனமான பிள்ளை. ஆர்த்திகாவைவிட எலும்பு முற்றியவன். உடம்பு அனலாகக் கொதித்தது. வித்யாஸ்ரீ ஒரு கரண்டி வைத்தாள். ரொம்ப நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு தொண்டை ஏறி இறங்கியது. இன்னொரு கரண்டி இறங்கியது. அதற்கடுத்தது கடைவாயில் வழிந்து செல்லக்கிளியின் சேலையில் இறங்கியது. வித்யாஸ்ரீ முந்தானையால் அதைத் துடைத்தாள். துடைத்த கை அங்கேயே நின்றது.

"ஒங்க பொண்ணு ஒங்களப் பாத்துச் சிரிக்குமா?"

செல்லக்கிளிக்குப் பொய் சொல்ல வேண்டும் போல இருந்தது. "சிரிக்கும்" என்றாள்.

வித்யாஸ்ரீ தலையாட்டினாள். கிண்ணத்தைக் கீழே வைத்தாள். வெங்கடேஷ்பாபு விசிறியை நிறுத்திவிட்டு எழுந்து மற்ற அறைக்குள் போய், கொஞ்ச நேரம் கழித்து முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து மறுபடியும் விசிற ஆரம்பித்தார்.

கிளம்பும்போது, "ஒத்தையாத் தூக்காதீங்க" என்று வித்யாஸ்ரீ செருப்பு மாட்டிக்கொண்டு கூடவே இறங்கினாள். ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு தெருவில் நடந்தார்கள். அக்கம்பக்கத்தில் சிலர் வாசலுக்கு வந்து பார்த்தார்கள். முனிச்சாலை ரோட்டு வெயிலுக்கு வந்ததும் வித்யாஸ்ரீ கண்ணைச் சுருக்கிக்கொண்டாள். வெளியே வந்து ரொம்ப நாளாயிற்று போல.

டவுன் பஸ் கண்டக்டர் முதலில் ஏற்றமாட்டேன் என்றார். வித்யாஸ்ரீ அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே படியில் காலை வைத்து நாற்காலியை உள்ளே தள்ளினாள். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அவர் பேச்சை விட்டுவிட்டார்.

"அக்கா, போயிட்டு வாரேன்" என்றாள் செல்லக்கிளி. அக்கா என்று கூப்பிட்டது வாயில் தானாக வந்தது. வித்யாஸ்ரீ படியிலிருந்து காலை எடுத்துக்கொண்டாள்.

பஸ் நகர்ந்தது. செல்லக்கிளி நாற்காலியை முழங்காலால் அண்டைகொடுத்துக்கொண்டு பின் கண்ணாடி வழியாகத் திரும்பிப் பார்த்தாள். வித்யாஸ்ரீ வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. ஓரத்துக்கும் போகவில்லை. பஸ் நின்ற இடத்தில், ரோட்டின் நட்டநடுவில், கையைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றாள். அவளுக்குப் பின்னால் சிமெண்ட் மூட்டை ஏற்றிய லாரி ஒன்று வந்து நின்று ஹாரன் அடித்தது. விடாமல் அடித்தது. பழக்கடைக்காரர் ஒருவர் கத்திக்கொண்டே எழுந்து அவளை நோக்கி ஓடினார். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பஸ் கீழவாசல் பக்கம் திரும்பி அவள் மறைந்த பிறகும் அந்த ஹாரன் கேட்டுக்கொண்டே இருந்தது.